குழந்தைக்கு ஞானஸ்நானம்: ஒரே வீட்டில் இரண்டு சபை இருக்கும்போது

ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், வாழ்க்கைப்பட்டது பெந்தெகொஸ்தே குடும்பத்தில். கைக்குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. "இன்னும் ஏன் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஐயரிடம் தேதி கேட்டாச்சா?" என்று அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்கிறார். ஐயர் என்றால் எங்கள் சபைக் குருவானவர். மாமியாரோ, "குழந்தைக்குத் தெளிப்பது வேதத்திலேயே இல்லை, உனக்கே இன்னும் சரியான ஞானஸ்நானம் ஆகவில்லை" என்கிறார். சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் கட்டம் வந்துவிட்டது. அவருடைய கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: "ஒரே கர்த்தர் என்கிறோம், ஒரு குழந்தை விஷயத்தில்கூட ஒன்றாக முடியவில்லை. கிறிஸ்தவ ஒற்றுமை என்பது மேடையில் பேசுவதற்கு மட்டும்தானா?"

சகோதரி, நான் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போலவே சி.எஸ்.ஐ.யில் பிறந்து வளர்ந்தவன், என் சொந்தத்தில் பாதிப்பேர் இன்று பெந்தெகொஸ்தே. அதனால் உங்கள் வீட்டு நிலைமையைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒற்றுமை மேடைப் பேச்சு அல்ல, நம் தென்னிந்தியாவிலேயே அது ஒரு முறை உண்மையாக நடந்திருக்கிறது. முதலில் எல்லாக் கருத்திலும் ஒத்துப்போக வேண்டும், அப்புறம்தான் ஒன்றாக வாழ முடியும் என்று நாம் நினைக்கிறோம். அன்றைக்கு அதைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் முதலில் ஏற்றுக்கொண்டார்கள். தீராத கேள்வியைத் தீராததாகவே வைத்துக்கொண்டு, 30 வருடம் பொறுப்போம் என்று சொன்னார்கள். அந்தக் கதை உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தக் கொள்கையை ஆராய்ந்து பார்த்து அந்தச் சபையில் சேர்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆராய்ச்சியே கிடையாது. அவர் ஊருக்கு எந்த மிஷன் வந்ததோ, அதுதான் அவர் சபை. திருநெல்வேலிப் பக்கம் என்றால் இங்கிலாந்து சபை வழிவந்த ஆங்கிலிக்கன், நாகர்கோவில் பக்கம் என்றால் லண்டன் மிஷன், மதுரை என்றால் அமெரிக்க மிஷன், மன்னார்குடி என்றால் மெதடிஸ்ட், தரங்கம்பாடி என்றால் லுத்தரன். திருநெல்வேலிக்குள்ளேயே ஆங்கிலிக்கன் மிஷன் இரண்டு இருந்தது. எஸ்.பி.ஜி. ஊர்கள், சி.எம்.எஸ். ஊர்கள் என்று வரப்பு போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். நாகர்கோவில்காரர் ஒருவர் பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை அங்கே கோவிலுக்குப் போகலாம், பாட்டுப் பாடலாம், ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்குப் போக முடியாது. பிஷப் தலையில் கை வைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் பெறாதவருக்கு ஆங்கிலிக்கன் முறைப்படி அங்கே இடமில்லை. இத்தனைக்கும் இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது இரண்டு மணி நேரப் பயணம்தான். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சில நூறு வருடங்களுக்கு முன் நடந்த சண்டைக்காக நம் ஊர்க்காரர் இருவர் ஒரே பந்தியில் உட்கார முடியாமல் போனது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி இதைப் பேசினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். பெரும்பாலோர் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்கள், அதாவது பிஷப்புகள் இல்லாத சபைகளான பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908இல் சேர்ந்து உண்டாக்கிய சபை. மீதிப்பேர் ஆங்கிலிக்கன்கள். நடுநாயகமாக நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், அப்பா கிராமத்துக் குருவானவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆகி, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போனவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையின் நடுவே எழுந்து நின்று, நீங்கள் ஏழைகளுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவரும் அவர்தான். அந்த ஒரு பேச்சு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது எவ்வளவு சாதாரணமான விஷயம் பாருங்கள். வேலை வாங்குகிறீர்கள், சம்பளம் கொடுக்கிறீர்கள், உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் கூப்பிடமாட்டேன் என்கிறீர்களே என்பதுதான்.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் இந்தப் பிரிவினைகள் எங்களுக்கு வெளியிலிருந்து வந்தவை, நாங்கள் உண்டாக்கியவை அல்ல, இவற்றைச் சுமந்துகொண்டே போக எங்களுக்கு மனமில்லை என்று எழுதி வைத்தார்கள். எழுதுவது எளிது. அதற்குப் பிறகு 28 வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஒரு முடிச்சு அவிழவே இல்லை. பிஷப் கை வைத்து அபிஷேகம் செய்தால்தான் ஒருவர் குருவானவர், இது அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருகிற வழி என்பது ஆங்கிலிக்கன் நிலை. மற்றவர்களோ, எங்கள் ஐயர்மார் 30 வருடமாக ஊழியம் செய்து, திருவிருந்து கொடுத்து, எங்கள் அப்பா அம்மாவை அடக்கம் பண்ணியவர்கள், இனிமேல் ஒரு பிஷப் கை வைத்தால்தான் அவர்கள் ஊழியர்களா என்று கேட்டார்கள். உங்கள் மாமியார் "உனக்கு ஆனது ஞானஸ்நானமே இல்லை" என்று சொல்லும்போது உங்களுக்கு வலிக்கிறதே, அந்த வலிதான் அவர்களுக்கும். இத்தனை நாள் நான் வாழ்ந்த வாழ்க்கை போலி என்கிறாயா என்கிற வலி.

அதை எப்படித் தீர்த்தார்கள் என்றால், தீர்க்கவில்லை. இனிமேல் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பிஷப் கை வைப்பார், ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வோம், யாரும் யாருக்கும் மறுபடி கை வைக்க வேண்டாம், 30 வருடம் கழித்து மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வரையில் திருச்சபைச் சரித்திரத்திலேயே மிக அழகான விஷயங்களில் அது ஒன்று. மனசாட்சியை மீறி எந்தச் சபையின் மேலும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிக்கமாட்டோம், அதிகாரத்தாலும் திணிக்கமாட்டோம், பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காகவும் திணிக்கமாட்டோம், இதில் ஒருவரையொருவர் முழுக்க நம்புகிறோம் என்பது அதன் சாரம். பெரும்பான்மையாலும் கூடாது என்கிற அந்த இடத்தைக் கவனியுங்கள். ஓட்டு எண்ணிக்கை நம் பக்கம் இருக்கும்போதும் கையைக் கட்டிக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எவ்வளவு அன்பு வேண்டும்!

அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கல்லிலேயே காலமானார். இரண்டே முக்கால் வருடம் கழித்து, நாடு விடுதலையாகி ஆறு வாரம் தாண்டியிருந்த நேரத்தில், 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வடக்கே தேசம் இரண்டாகக் கிழிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த மாதத்தில்தான் இங்கே இவர்கள் ஒன்றானார்கள். ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனெரியான லெஸ்லி நியூபிகின், பிஷப்புகளே இல்லாத சபையிலிருந்து வந்தவர், 37 வயதில் மதுரை ராமநாதபுரம் பிஷப் ஆனார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் அங்கே முதல் பிஷப். நாடு வேறு என்றாலும் யாழ்ப்பாண ஆதீனம், அதாவது அந்தப் பிஷப்பின் சபைப் பகுதி, இன்றைக்கும் தென்னிந்தியத் திருச்சபையில்தான் இருக்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் கவிஞர் டி. எஸ். எலியட் உட்படப் பலர் இந்த இணைப்பை எதிர்த்து எழுதினார்கள். 1948இல் கூடிய ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் லாம்பெத் மாநாடு புதிய சபையை முழுசாக ஏற்கத் தயங்கியது. ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் பலர் அப்போது சேரவில்லை. சேராமல் நின்றவர்களும் விசுவாசிகள்தான், அவர்களுக்கும் மனசாட்சி இருந்தது. லுத்தரன் சபையும் இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்களும் நாமும் சேர்ந்து மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி நடத்துகிறோம், ஒரே வகுப்பில் இரண்டு சபைப் பிள்ளைகளும் படித்துவிட்டு ஊழியத்துக்குப் போகிறார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை ஞானஸ்நானமா, விசுவாசித்தபின் முழுக்கா என்கிற கேள்வி உங்கள் மாமியார் கிளப்பியது அல்ல. ஐந்நூறு வருடப் பழசு, அதில் ரத்தமும் இருக்கிறது. 1527 ஜனவரியில் சூரிக் நகரத்தில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை, விசுவாசித்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக, கையைக் கட்டி லிமாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் வேறு மதத்தார் அல்ல, சீர்திருத்தச் சபைக்காரர்கள், நம்மைப் போலக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். முழுக்கு வேண்டும் என்றாயே, இந்தா முழுக்கு என்று தண்ணீரையே கொலைக்கருவி ஆக்கினார்கள். நம் பக்கத்து ஆட்கள் செய்த பாவம் இது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மாமியாரிடம் வாதாடப் போகாதீர்கள். 2010இல் உலக லுத்தரன் சம்மேளனம் ஸ்டுட்கார்ட் நகரில் கூடி, தங்கள் முன்னோரும் இப்படித் துன்புறுத்தியதற்காக அந்த வழிவந்த மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. கிட்டத்தட்ட 480 வருடம் கழித்து! லேட்தான், ஆனால் கேட்டார்களே.

இதே முடிச்சை ஒரே சபைக்குள் வைத்து வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். 1970 நவம்பர் 29ஆம் தேதி நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது ஆறு சபைகள் சேர்ந்தன. அதில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆங்கிலிக்கன்களும் இருந்தார்கள், பெரியவர்களை மட்டும் முழுக்கும் பாப்டிஸ்டுகளும் இருந்தார்கள். இரண்டில் ஒன்று தவறு என்று அவர்கள் தீர்ப்பெழுதவில்லை. இரண்டு முறையும் எங்கள் சபையின் முறைதான், எது வேண்டுமோ பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம் என்று எழுதினார்கள். ஒரு குடும்பம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும். பக்கத்துக் குடும்பம் குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பிரதிஷ்டை பண்ணி, அதாவது ஜெபித்துத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்து, அது வளர்ந்து தானே விசுவாச அறிக்கை செய்யும்போது ஞானஸ்நானம் கொடுக்கும். கடைசியில் இரண்டு பிள்ளைகளும் ஒரே திருவிருந்தில் நிற்பார்கள். 1982இல் பெரு நாட்டு லீமாவில் உலகச் சபைகள் மன்றத்தின் இறையியல் குழு, பல சபைக்காரர்கள் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதுவும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. குழந்தையாகப் பெற்றாலும் பெரியவராகப் பெற்றாலும் ஞானஸ்நானம் ஒருமுறைதான், ஒருவர் பெற்றதை இன்னொருவர் செல்லாது என்று காட்டும்படியான எதையும் செய்யாதிருங்கள் என்பது அதன் வேண்டுகோள்.

என்னைக் கேட்டால், நான் குழந்தை ஞானஸ்நானத்தின் பக்கம்தான். ஒளிக்கவில்லை. நான் தேவனைத் தேடுமுன்னே அவர் என்னைத் தேடினார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. அதோடு, நீங்கள் மறுபடி முழுக்கு எடுப்பதை, மாமியாரைச் சமாதானப்படுத்துவதற்காக என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். குடும்பச் சமாதானத்துக்காக எடுக்கிற ஞானஸ்நானத்தை அவருடைய சபையே ஞானஸ்நானம் என்று ஒத்துக்கொள்ளாது, உள்ளத்தில் விசுவாசம் வேண்டும் என்பதுதானே அவர்கள் வாதமே. ஆனால் அவர் பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய உண்மையை நம் சபைகள் மறந்துபோனது உண்மை. ஞானஸ்நானம் கொடுத்து, பிரியாணி போட்டு, போட்டோ எடுத்து, அந்தப் பிள்ளை அப்புறம் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறதா, ஜெபிக்கத் தெரிகிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நின்றவர்கள் அடுத்த நாளே மறந்துவிடுகிறார்கள். "பேர் கிறிஸ்தவர்கள்" என்று அவர்கள் நம்மைச் சொல்லும்போது கோபம் வருகிறது, சரி. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். அதேபோல நம் ஆட்கள் "அல்லேலூயா கூட்டம்", "ஆடு திருடுகிறவர்கள்" என்று பேசுகிற பேச்சும் நின்றால் நல்லது. உங்கள் மாமியார் காதில் அது எத்தனை முறை விழுந்திருக்குமோ.

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்கிறேன். நான் பார்த்த ஞானஸ்நானச் சண்டைகளில் பாதி ஞானஸ்நானத்தைப் பற்றியதே அல்ல. எந்த வீட்டுச் சொல் செல்லுபடியாகிறது, பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் அடியில் ஓடும். வசனம் மேலே போர்த்திய துணி. பெரிய அளவிலும் இதையே பார்க்கலாம். தரங்கம்பாடியில் பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்று எழுதினார்களே, அது பாதி உண்மைதான். சாதி எந்த மிஷனும் கப்பலில் கொண்டுவந்தது அல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையை விட்டே எத்தனையோ பேர் வெளியேறினார்கள். கொள்கைக்காக வெளியேறவில்லை, ஒரே கிண்ணத்தில் குடிக்க மனமில்லாமல் வெளியேறினார்கள். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது, சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் வந்தால் ஊரே இரண்டாகிறது. கொள்கையால் பிரிந்தவர்களை மேஜையில் உட்கார வைத்துப் பேசலாம். கௌரவத்தால் பிரிந்தவர்களை என்ன சொல்லி உட்கார வைப்பது? அசரியா தோர்ணக்கல்லில் மாலர்கள், மாதிகர்கள் என்ற இரண்டு தலித் சாதியாரையும் ஒரே சபையாக ஆக்கப் பாடுபட்டதுதான் அவர் செய்ததிலேயே கடினமான ஒற்றுமை வேலை என்று நான் நினைக்கிறேன். மாநாட்டுப் பேச்செல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

என் சொந்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தை 52 வயதில் முழுக்கு எடுத்தார். அதற்கு அப்புறம் பழைய கோவிலுக்குப் போவதைக் குறைத்து, பக்கத்து டவுனில் ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவர் இறந்த அன்று, மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்தால், கோவில் கமிட்டியில் முடியாது என்றுவிட்டார்கள். "இங்கே சந்தா கொடுத்தே ஆறு வருடமாகிறது, அங்கே போனவர் அங்கேயே போகட்டும்." எந்தக் கோவில் என்று சொல்ல விரும்பவில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பெட்டிக் கண்ணாடியில் வேர்த்து வேர்த்து நீர் இறங்க, என் அத்தை மகள் முந்தானையால் துடைத்துத் துடைத்து அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மேல், கமிட்டியில் மூத்தவர் ஒருவர், அவரும் முதலில் முடியாது என்றவர்தான், எழுந்து வந்து, "இந்தத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்பினபோது சாந்துச் சட்டி சுமந்தவ இவ. சுமந்தவளுக்கு உள்ளே இடமில்லைன்னா அந்தச் சுவரு எதுக்கு?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. அத்தையின் பாஸ்டர் அங்கேயேதான் நின்றிருந்தார், இளம் வயது. அவர் நம் ஐயரிடம் போய், "ஐயா, நீங்களே அடக்க ஆராதனையை நடத்துங்கள், நாங்கள் பாடுகிறோம்" என்றார். ஐயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லறையில் கடைசி ஜெபம் நீங்கள் செய்ய வேண்டும் என்றார். பாட்டு என்று வந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைதான். லுத்தரன் மிஷனெரியிடம் வளர்ந்தவர் அவர். சாதி வழக்கங்களை விடச் சொன்ன மிஷனெரிகளை எதிர்த்து எழுதியவரும் அவரே. அந்தக் குறையோடுதான் அவர் பாட்டு நமக்கு வந்திருக்கிறது, அதைப் பாடித்தான் இரண்டு சபையும் சேர்ந்து என் அத்தையை அடக்கம் செய்தோம்.

சாஸ்திரியாரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் மாமியார் தினமும் காலையில் வாசிக்கிற கறுப்பு அட்டை வேதாகமமும் உங்கள் அம்மா வாசிப்பதும் ஒன்றுதான். ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் வருடக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகத் திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் எறிகிற வசனமே சபைகள் சேர்ந்து செய்த வேலையில் கிடைத்தது. கத்தோலிக்கரோடு சேர்ந்து 1995இல் பொது மொழிபெயர்ப்பும் வந்தது. அதில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்ற அழகான பெயர்களை விட்டுக்கொடுத்து யோவான், பேதுரு, பவுல் என்று ஏற்றுக்கொண்டார்கள். நாம் அந்த வேதாகமத்தை ஆராதனையில் அதிகம் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் நீங்களும் உங்கள் கணவரும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை உங்கள் இருவருடையது, முடிவும் உங்கள் இருவருடையதாக இருக்கட்டும். அவரை அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் தூதுவராக ஓடவிடாதீர்கள். பேசி முடித்ததும், அந்த 1947 வாக்குறுதியைப் போல ஒன்றை இரண்டு வீட்டிலும் சொல்லுங்கள்: யாருடைய மனசாட்சி மேலும் எதையும் திணிக்கமாட்டோம், யாருக்கும் தெரியாமல் எதுவும் செய்யமாட்டோம் என்று. இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம். மருமகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வந்த பாட்டியை எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் ஆகிவிட்டது, அந்த வீட்டில் இன்னும் ஆறவில்லை. உங்கள் அம்மா அப்படிச் செய்யமாட்டார் என்று நம்புகிறேன், ஆனாலும் வாய்விட்டுச் சொல்லி வைப்பது நல்லது.

இப்போதே கொடுப்பது என்று முடிவானால், மாமியாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். அவர் ஆராதனைக்கு வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அது அவருடைய மனசாட்சி. பிள்ளைக்காக ஒரு ஜெபம் மட்டும் கேளுங்கள், அதற்கு எந்தப் பாட்டியும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். காத்திருப்பது என்று முடிவானால், மாமியார் சபையில் பிரதிஷ்டை செய்துவிட்டு, உங்கள் அம்மாவிடம், பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம், அது ஒரு நாள் தன் வாயால் சொல்லும் என்று பொறுமையாகப் புரியவையுங்கள். அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும், ஞானஸ்நானம் ஆகாமல் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். உங்கள் ஐயரையே கூட்டிப்போய், தேவனுடைய இரக்கம் அவ்வளவு சின்னது அல்ல என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

அப்புறம் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வாதத்துக்காக இல்லாமல், ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "அத்தை, நீங்கள் எப்படி ரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று. அவர்கள் சபையில் அதற்குச் சாட்சி என்று பெயர். எந்த வருடம், எந்தக் கூட்டம், அன்றைக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒன்று விடாமல் சொல்வார். கேட்டு முடிக்கும்போது, அவர் ஏன் அந்தத் தண்ணீரை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குப் புரியும். ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நான் என் அத்தையிடம் அதைக் கேட்டது அவருடைய கடைசி வருடத்தில்தான். அதற்கு முன் இருபது வருடம் அவரோடு வசனத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்கள் கோவில் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். வலது உள்ளங்கையை அடுத்தவர் வலது உள்ளங்கையில் வைத்து, இருவரும் இடது கையால் மூடிக்கொள்வது. 1950இல் தென்னிந்தியத் திருச்சபை புது ஆராதனை முறையை எழுதியபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் வெளிநாட்டுச் சபைகள் பலவும் சமாதானம் பரிமாறுவதைத் தங்கள் ஆராதனையில் மறுபடி சேர்த்தபோது இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கோவிலில், கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வரிசையில் அகப்பட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அண்ணன் பனையேறி, உள்ளங்கை மரப்பட்டை போலிருக்கும். கை வந்து நின்றது, தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார், பின் வரிசையில் எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் தம்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிணற்று வழக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நடந்தது. ஆனால் வழக்குக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள்.

இதில் எது நடந்தாலும், அன்றைக்கு வீட்டில் ஒரு சாப்பாடு இருக்குமே, சகோதரி, அதற்கு இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் கூப்பிடுங்கள். தனித்தனியாக இரண்டு வேளை வைக்காமல் ஒரே பந்தியாகப் போடுங்கள். சாப்பாட்டுக்கு முந்திய ஜெபத்தை மாமியாரைச் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் ஜெபிப்பார், சோறு ஆறினாலும் பரவாயில்லை.